உங்களுக்குத் தெரியுமா? பச்சிளங்குழந்தை பால் கக்குவது ஏன்?
முதல் மொட்டைக்காகக் கைக்குழந்தையோடு திருமலைக்குப் போகிறவர்களே, மலையடிவாரமான அலிபிரியில் பாலூட்டிய கையோடு படியேறாதீர்கள், மலைப்பாதை வண்டியிலும் ஏறாதீர்கள். உணவுக்குழாயின் அடியிலுள்ள வளையத்தசை முதல் மாதங்களில் சரியாக இறுகி மூடாது. வயிறு அழுந்தினால் பால் அமிலத்தோடு மேலேறிவிடும். ஏப்பம் வரவைத்து, 20–30 நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடித்திருங்கள். 3,550 படிகளும் காத்திருக்கும்!

சுமார் 4 மாதத்தில் உச்சம் தொடும் இந்தத் தொல்லை, பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் தானாக அடங்கிவிடும். கக்கினாலும் சிரித்து விளையாடி, எடையும் கூடுகிற குழந்தைக்கு மருந்து தேவையில்லை. தூங்கும்போது மல்லாக்கவே படுக்கட்டும். குப்புறப் போடுவது ஆபத்து. பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வாந்தி எடுத்தால், பீய்ச்சியடிப்பதுபோல் திரும்பத் திரும்ப எடுத்தால், உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.