கூட்டத்தை எண்ணத் தெரியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கூட்டத்தைத் தலை எண்ண யாராலும் முடியாது. விளையாட்டு அரங்குக்கு வருகிறவர்களை எண்ணிவிடலாம். ஆனால், அந்த எண் என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வதுதான் கஷ்டம்!

நான் ராஜபாளையத்தில் ஆசிரியையாக இருந்தபோது, கூடைப்பந்துப் போட்டி ஒன்றுக்கு எங்கள் மாணவிகளை அழைத்துப் போனேன். பையன்கள் ஆட்டம் மாலை 6 மணிக்கு, விளக்கு வெளிச்சத்தில். பெண்கள் ஆட்டமோ மதியம் 2 மணிக்கு, கொளுத்தும் வெயிலில்! பார்க்க வந்தவர்களை எண்ணினேன், 23 பேர்.

"பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது. அடுத்த வருஷம் வேண்டாம்" என்றார் நடத்தியவர்களில் ஒருவர். அதைக் கேட்ட எங்கள் அணித் தலைவி, "இனிமே ஆட மாட்டேன் டீச்சர்" என்று அழுதுவிட்டாள்.

"அழாதேம்மா. 23 என்பது உன் ஆட்டத்துக்குக் கிடைத்த மார்க் இல்லை. வெயிலுக்குக் கிடைத்த மார்க்" என்றேன். நடத்தியவர்களிடம் கெஞ்சிக் கேட்டு, மறு வருஷம் பெண்கள் ஆட்டத்தையும் மாலையில் வைக்கச் சொன்னோம். அன்று உட்கார இடமில்லாமல் சுற்றுச்சுவரில் ஏறி நின்று பார்த்தார்கள்!

இதே பாடம் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே 1997 முதல் பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்து லீக் நடக்கிறது. 2024 செப்டம்பர் 19 அன்று வாஷிங்டன் மிஸ்டிக்ஸ், இந்தியானா ஃபீவர் அணிகள் மோதிய ஆட்டத்துக்கு 20,711 பேர் வந்தார்கள். கெய்ட்லின் கிளார்க் என்ற புது வீராங்கனையைப் பார்க்க அத்தனை ஆர்வம்! மிஸ்டிக்ஸ் அணியின் வழக்கமான அரங்கில் 4,200 இருக்கைகள்தான். அதனால் பெரிய அரங்குக்கு மாற்றினார்கள். மாற்றாமல் இருந்தால்? 16,511 பேருக்கு இடம் கிடைத்திருக்காது. 'வந்தது 4,200 பேர்தான்' என்று கணக்கு எழுதியிருப்பார்கள்!

இன்னொரு கணக்கு. 4,200 பேர் அந்தச் சிறிய அரங்கில் உட்கார்ந்தால் 100 சதவீதம், 'ஹவுஸ்ஃபுல்'. அதே 4,200 பேர் 20,000 இருக்கை உள்ள அரங்கில் உட்கார்ந்தால் 21 சதவீதம்தான். டி.வி.யில் பார்த்தால் அரங்கம் காலியாகத் தெரியும். ஆட்கள் என்னவோ அதே ஆட்கள்தான்!

வகுப்பில் வருகைப் பதிவேடு இருக்கிறதல்லவா? அதில் பெயர் இருப்பவர்கள் எல்லாரும் தினமும் வருவதில்லை. அதுபோல, பல லீக்குகளில் அறிவிக்கும் எண்ணிக்கை கொடுக்கப்பட்ட டிக்கெட்டுகளின் கணக்கு. டிக்கெட் வாங்கிவிட்டு வராதவர்களும் அதில் சேர்ந்துவிடுவார்கள்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? டிக்கெட் பணமும் விளம்பரமும் கூட்டத்தைப் பார்த்துத்தான் வரும். வீராங்கனைகளின் சம்பளமும் அதிலிருந்துதான். நம் நாட்டில் முன்னணி வீராங்கனைகள் பலர் ரயில்வே போன்ற நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை அப்படித் தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர்தான். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அடுத்த முறை உங்கள் பள்ளியில் போட்டி நடந்தால், ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள்? எத்தனை பேருக்கு இடம் இருந்தது? எத்தனை மணிக்கு ஆட்டம்? எல்லாருக்கும் முன்பே தெரியுமா? நான்கையும் எழுதிய பிறகு, 'கூட்டம் வராது' என்று யாராவது சொன்னால், நோட்டைக் காட்டுங்கள்!