ஊவா மலைப் பாதைகள்: அடிஷாம் தோட்டத்தில் ஒரு பகல்

சென்ற வாரம் தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனோம். 1890இல் லிப்டன் எழுப்பிய அந்தக் கட்டடத்தில் கொழுந்தின் வாசனையும் இயந்திரங்களின் ஓசையும்தான் எங்கும். இந்த வாரம் அதே அப்புத்தளை மலைமுகட்டின் மறுபக்கத்தில், ஒரு வெள்ளைக்காரத் துரை தன் ஓய்வுக்கென்று கட்டிய மாளிகைக்கும் அதைச் சுற்றிய பூந்தோட்டத்துக்கும் போகலாம். பெயர் அடிஷாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு பண்டாரவளையிலிருந்து அவசரமில்லாமல் போய்வர ஏற்ற இடம்.

ரயிலில் போனால் தியத்தலாவையைத் தாண்டி அப்புத்தளை. அங்கிருந்து மூன்று கிலோமீற்றர் அளவில் தூரம். பெரியவர்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு, நடக்கக்கூடியவர்கள் நடந்தே போகலாம். பக்கத்தில் தங்கமலைச் சரணாலயக் காடு. காலை நேரமென்றால் பறவைச் சத்தம் வழி முழுதும் கூட வரும். வார இறுதியிலும் போயா தினங்களிலும் பாடசாலை விடுமுறையிலும் மாளிகை வாசல் திறந்திருக்கும். புறப்படுமுன் ஒருதரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த மாளிகையைக் கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். இங்கிலாந்தின் பிரதமராக இரண்டு தடவை இருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரன். 1887இல், இருபது வயதுகூட ஆகாத இளைஞனாக இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழகினார். பிற்காலத்தில் கொழும்பின் பெரிய வணிக நிறுவனமான ஜோர்ஜ் ஸ்டூவர்ட்டின் தலைவரானார். சட்டவாக்க சபையிலும் அங்கம் வகித்தார். இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே 1931இல் எழுந்த இந்த வீட்டுக்கு வைத்தார். அதே மாவட்டத்து லீட்ஸ் கோட்டையை மனதில் வைத்து, டியூடர் காலப் பாணியில், செதுக்கிய கருங்கல்லால் சுவர் எழுப்பினார்கள். உள்ளே பார்வைக்கு விட்டிருப்பது வரவேற்பறையும் நூலக அறையும் மட்டும். படம் எடுக்க முடியாது. அதைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பொழுதைக் கழிக்க வேண்டியது தோட்டத்தில்.

நாங்கள் போன அன்று வெயிலும் மேகமும் மாறி மாறி வந்தன. புல்வெளி ஓரத்தில் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் கல் பதித்த பாதையில் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். அப்பா மட்டும் ரோஜாப் பாத்திகளை விட்டு நகரவில்லை. அவர் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். பூவை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து தண்டைப் பார்த்தார்.

"தாத்தா, அங்க என்ன பாக்குறீங்க?" என்று என் மகள் கேட்டாள்.

"வெட்டுவாயப் பாரு புள்ள. சாய்ச்சு வெட்டியிருக்கு. மழத்தண்ணி வழிஞ்சு போயிரும். நின்னுச்சுன்னா தண்டு அழுகிரும்."

வெட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் பார்த்த ஒரு மொட்டு செந்நிறத்தில் முளை கட்டியிருந்தது. அதையும் தொட்டுக் காட்டினார். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே வெட்டினால்தான் புதுக்கிளை வெளியே விரியும். செடியின் நடுவில் காற்றும் வெளிச்சமும் புகும். பனியும் ஈரமும் நிறைந்த இந்த மலையில் இலைநோய் வராமல் இருக்க அது முக்கியம்.

"தேயிலையும் இப்படியா?"

"தேயிலைக்கு வளஞ்ச கத்தி. ஒரே வெட்டா விழணும். ரெண்டாவது தடவ போட்டா பட்ட கிழிஞ்சிரும்."

மேட்டு நிலத் தோட்டங்களில் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைக்குக் கவ்வாத்து விழும். செடியை மொட்டையாக்கி, புதுத் துளிருக்குக் காத்திருக்கும் அந்தத் தொழிலின் நுட்பம் இந்த ரோஜாப் பாத்தியிலும் இருப்பதை அன்றுதான் என் பிள்ளைகள் கண்டார்கள்.

இப்படியான ஒழுங்குத் தோட்டங்களைப் பார்க்கும்போது பூவோடு நின்றுவிடாமல் நிலத்தையும் பார்க்க வேண்டும். அப்புத்தளை ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில், இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் முகட்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு புல்வெளி வேண்டுமென்றால் முதலில் மண்ணை வெட்டிச் சமதளம் எடுக்க வேண்டும். கீழ்ப்பக்கம் கல் அடுக்கிக் கட்ட வேண்டும். அடைமழைத் தண்ணீர் பாத்தியை அரிக்காமல் காண் வெட்டி இறக்கிவிட வேண்டும். தேயிலை மலையில் செய்கிற அதே வேலைதான் இது. நிலத்தை நேர்கோட்டில் அடக்கி அழகு பார்ப்பது ஆங்கிலேயரோடு வந்த பழக்கமும் அல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் சிகிரியாவின் அடிவாரத்தில் ஒன்றுக்கொன்று ஒத்த தடாகங்களும் நீரூற்றுகளுமாக அமைத்த அரண்மனைத் தோட்டம் உலகின் பழைமையான நீர்த் தோட்டங்களில் ஒன்று. மழைக்காலத்தில் அந்த ஊற்றுகள் இன்றும் பீறிடுகின்றன.

மலையகத்தில் துரைமாரின் பங்களாத் தோட்டங்களைப் பராமரித்தவர்கள் பெரும்பாலும் லயத்திலிருந்து வந்த நம்மவர்கள். புல் வெட்டியதும் பாத்தி கட்டியதும் அவர்கள். வேலைக்குப் போனார்களே தவிர, பிள்ளை குட்டியோடு போய் அந்தப் புல்லில் உட்கார்ந்து பொழுது போக்கும் பேச்சே அவர்களுக்கு இருக்கவில்லை. அடிஷாம் எழுந்த 1931இல்தான் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இந்த நாட்டில் சர்வஜன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அட்டனிலிருந்து நம்மவரான பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குப் போய் அமைச்சரானதும் அந்த ஆண்டுதான். ஆனால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர்களாகவே எஞ்சியவர்களுக்கும் உரிமை திரும்பக் கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவும் தெரிந்தபின் அந்தப் புல்வெளியில் அம்மா சாவகாசமாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்தது.

அந்த வாசல் திறந்ததற்கு இங்குள்ள துறவிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். வில்லியர்ஸுக்குப் பின் கைமாறிய வீடு 1960களின் தொடக்கத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகளிடம் வந்தது. இன்று இது புனித பெனடிக்ட் துறவிமடம். அவர்கள் தயாரிக்கும் ஸ்ட்ரோபெரி ஜாமும் கொய்யா ஜெலியும் வாசலருகே விற்பனைக்கு இருக்கும், வாங்காமல் வராதீர்கள். இது வழிபாட்டு இடமும் என்பதால் சத்தத்தைக் குறைத்துக்கொள்வது முறை. கட்டுச்சோற்றை வெளியே வந்து சாப்பிடலாம். நாங்கள் ரொட்டியும் சம்பலும் பிளாஸ்க்கில் தேநீரும் கொண்டுபோயிருந்தோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை இங்கே கூட்டிவரும்போது, தோட்டத்தில் வேலை செய்த ஒரு தாத்தாவையோ பாட்டியையோ உடன் அழைத்து வாருங்கள். வீட்டைக் கட்டிய துரையின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஒரு ரோஜாத் தண்டை எங்கே, எப்படி வெட்ட வேண்டும் என்பதை அவர்கள்தான் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும். தங்கள் வீட்டிலேயே இவ்வளவு கைத்தொழில் அறிவு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, எந்த மாளிகைத் தோட்டத்திலும் கூச்சமில்லாமல் நடக்கும்.

அடுத்த வாரம் பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ரயில் ஏறுவோம். 1924இல் பதுளையை எட்டிய அந்தப் பாதையில் எல்ல ஒன்பது வளைவுப் பாலமும் தெமோதரை வளையமும் நமக்காகக் காத்திருக்கின்றன.

(தொடரும்)