தும்மினால் நனைகிறதா? மறைக்காதீர்கள்

கேமரன் மலையில் ஹாபு, ரிங்லெட், சுங்கை பாலாஸ் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளை பெற்ற பெண்கள் முதுகுவலியைச் சொல்வார்கள், முழங்கால் வலியைச் சொல்வார்கள். இருமினால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிவதை மட்டும் சொல்லமாட்டார்கள். மெல்லக் கேட்டால், "பிள்ள பெத்த ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பேச்சு முடிந்துவிடும். அம்மாவும் அப்படித்தான் சொன்னார், பாட்டியும் அப்படித்தான் சொன்னார்.

மூவரும் சொன்னதில் பாதி உண்மை. பிரசவத்துக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்கு இந்தக் கசிவு இருக்கிறது. ஆனால் பலருக்கு வருகிறது என்பதற்காக அதைச் சுமந்துகொண்டே வாழ வேண்டியதில்லை. முதல் சிகிச்சை மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை. ஒரு தசைக்குப் பயிற்சி, அவ்வளவுதான்.

கூடையின் அடி

கொழுந்துக் கூடையை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பாரம் முழுவதையும் தாங்குவது அடியில் இருக்கும் முடைச்சல்தான். நம் இடுப்பெலும்புக்கூட்டுக்கும் அப்படி ஓர் அடி உண்டு. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்பக்க வால் எலும்பு வரை தொட்டில்போல் விரிந்திருக்கும் இதற்கு இடுப்புத்தளத் தசை என்று பெயர். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சிறுநீரையும் வாயுவையும் அடக்கி வைப்பதும் இதன் வேலை.

கர்ப்ப காலத்தில் பாரம் மாதாமாதம் ஏறுகிறது. ஹார்மோன்கள் இணைப்புத் திசுக்களைத் தளர்த்துகின்றன. சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை இறங்கும்போது இந்தத் தசையின் சில பகுதிகள் மூன்று மடங்குக்கு மேல் இழுபடக்கூடும் என்று கணினி மாதிரி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "எனக்கு ஆபரேஷன், எனக்கு வராது" என்று சிலர் நினைக்கிறார்கள். கர்ப்பப் பாரத்தைச் சுமந்தவர்கள்தானே அவர்களும்? ஆபத்து குறையலாமே தவிர, இல்லாமல் போவதில்லை.

மலை, குளிர், தேநீர்

கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கியது 1929இல். தமிழ்ப் பெண்கள் முதுகில் கூடை மாட்டிக் கையால் கொழுந்து கிள்ளிய காலம் அது. இன்று கத்தரிக்கோலும், இருவர் பிடிக்கும் வெட்டு இயந்திரமும் வந்துவிட்டன. ஆனால் தூக்கும் வேலை போய்விடவில்லை. காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் கூடை, வீட்டில் எரிவாயுத் தோம்பு, இடுப்பில் மூத்த பிள்ளை. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றின் அழுத்தம் நேராக அந்த அடித்தளத்தின் மேல்தான் இறங்குகிறது.

குளிரும் சேர்ந்துகொள்கிறது. குளிரில் உடல் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். சரிவின் நடுவே கழிப்பறைக்கு எங்கே போவது? ஆகவே மணிக்கணக்கில் அடக்குகிறார்கள், இல்லையென்றால் தண்ணீரையே குடிப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் தரும், கிருமித்தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் வழிவிடும். இந்த மலையில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது: தேநீரில் உள்ள கஃபைனும் சிறுநீர்ப்பையைச் சீண்டும். அடிக்கடி அவசரமாகப் போக வேண்டியிருக்கிறது என்பவர்கள் ஒரு நாளில் ஓரிரு கோப்பையைக் குறைத்துப் பார்க்கலாம்.

இறுக்கி, உயர்த்தி, விட்டுவிடுதல்

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைப் பற்றி அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948இல் எழுதியதால் அதற்குக் கீகல் பயிற்சி என்று பெயர் வந்தது.

முதலில் தசையைக் கண்டுபிடிக்க வேண்டும். முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவே வாயு பிரியாமல் அடக்குவதுபோல் பின்வாசலை மூடுங்கள். கூடவே சிறுநீரையும் நிறுத்துவதுபோல் முன்பக்கத்தை மூடி, இரண்டையும் உள்ளே மேல்நோக்கி இழுங்கள். தொடை, பிட்டம் எதுவும் இறுகக் கூடாது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானே ஓடும். பிறகு முழுவதுமாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மூன்று விநாடியில் தொடங்கிப் பத்து விநாடி வரை மெல்ல ஏற்றலாம். ஒரு வேளைக்கு எட்டு முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பிரிட்டனின் நைஸ் (NICE) மருத்துவ வழிகாட்டுதல் சொல்வதும் இதையொட்டியதே: வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இரண்டு வாரம் செய்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். தும்மல் வரும் நொடியிலும் பாரம் தூக்கும் நொடியிலும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளப் பழகினால் கசிவு அங்கேயே குறையும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஆரம்பிப்பவர்களுக்குத்தான் லாபம் அதிகம். கசிவு இல்லாத பெண்கள் அப்போதே பயிற்சியைத் தொடங்கினால் கடைசி மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்கிறது 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. ரத்தக்கசிவோ அடிவயிற்று வலியோ இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

எல்லாருக்கும் இறுக்கும் பயிற்சி பொருந்தாது. தாம்பத்திய உறவில் வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்கவே சிரமம் என்றால் தசை ஏற்கெனவே இறுகியிருக்கலாம். அவர்களுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் பரிசோதித்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

பத்திய நாள்கள்

பிரசவத்துக்குப் பிறகு இருக்கும் பத்தியத்தில் நல்லதும் உண்டு. ஓய்வு, பிறர் சமைத்துத் தரும் சாப்பாடு, சுடுநீர்க் குளியல், இவற்றைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் கொடுக்காமல் வைப்பதும், குளிர்ச்சி என்று கீரை, காய்கறியைத் தள்ளுவதும்தான் தவறு. வாசலிலேயே காய்கறி விளையும் ஊரில் மலச்சிக்கலில் முக்கி முக்கித் தளர்ந்த தசையை இன்னும் தளர்த்துவானேன்? வயிற்றுக்குத் துணி கட்டுவதானால் மூச்சு தாராளமாக ஓடும் அளவுக்குக் கட்டுங்கள். மிக இறுக்கினால் அழுத்தம் கீழேதான் போகும்.

சிறுநீர் தடையில்லாமல் போகத் தொடங்கியதும், வலிக்காத அளவில் பயிற்சியைத் தொடங்கலாம். முதல் ஆறு வாரம் பாரம் தூக்க வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் 1 ஜனவரி 2023 முதல் தனியார் துறையிலும் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது. பயிற்சிக்குத் தேவையான மூன்று மாதமும் கிட்டத்தட்ட அதேதான்.

மிஸியிடம் எப்படிச் சொல்வது?

பிரான்சில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இந்தத் தசைப் பயிற்சியை அரசுக் காப்பீட்டிலேயே எழுதித் தருகிறார்கள். இங்கே நாமே கேட்டு வாங்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் கிளினிக் மிஸி, அதாவது தாதி, வீடு தேடி வருவார். குழந்தையின் எடையையும் தொப்புளையும் பார்ப்பார். நம் கசிவை நாம்தான் சொல்ல வேண்டும். தமிழ் தெரியாதவர் என்றால், மலாயில் "பிலா பாத்தோக், தெர்கெலுவார் கென்சிங்" (இருமினால் சிறுநீர் வந்துவிடுகிறது) என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார். பிசியோதெரபிக்குக் கடிதம் கேளுங்கள்.

அடியில் ஏதோ இறங்கி வருவதுபோல் இருந்தால், மலம் அடக்க முடியாவிட்டால், பயிற்சிக்காகக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் போகவே மறுத்தால், காய்ச்சல் அல்லது அதிக ரத்தப்போக்கு இருந்தால், அன்றே தானா ராத்தா சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் இருபது வருடமாகக் கசிகிறதென்றால், மருமகளோடு சேர்ந்து நீங்களும் இன்றே தொடங்குங்கள். இந்தத் தசை எந்த வயதிலும் பயிற்சிக்கு இணங்கும்.