ஆள் இல்லாத கணக்குக்கு யார் பொறுப்பு?



வங்கி, மருத்துவமனை, தொலைபேசி நிறுவனம் என்று நாம் பெயரையும் அடையாள எண்ணையும் கொடுத்துவிட்டு வரும் இடங்கள் பல. அந்த விவரங்கள் எல்லாம் இப்போது ஒரே கணினியில் அடங்குவதில்லை. ஐம்பது, நூறு, சில இடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை இணைத்து ஒரே இயந்திரம்போல் வேலை வாங்குகிறார்கள். இதற்குப் பெருந்தரவுத் திரள் என்று பெயர். இத்துறையில் பெயர் பெற்ற மென்பொருள் 2006இல் தோன்றிய ஹடூப். அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான டக் கட்டிங், தம் மகனின் பொம்மை யானைக்கு இருந்த பெயரையே அதற்குச் சூட்டினார். இந்த யானையின் சங்கிலி யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

கடவுச்சொல் என்பதில் உள்ள 'கடவு' வழியைக் குறிக்கும். உள்ளே போக வழிவிடும் சொல். (கடவுளுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கும் பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் உண்டு.) நம்முடைய கடவுச்சொல் நம் நினைவில் இருக்கும். ஆனால் திரளுக்குள் இரவு பகலாக உழைப்பவை நிரல்கள். கோப்புகளைக் காப்பது ஒன்று, வேலையைப் பங்கிடுவது ஒன்று, கேட்ட விவரத்தைத் தேடித் தருவது ஒன்று. எச்.டி.எஃப்.எஸ்., யார்ன், ஹைவ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனர் பெயர் உண்டு. இவையே சேவைக் கணக்குகள். இவற்றுள் எச்.டி.எஃப்.எஸ். என்னும் கணக்கு திரளில் உள்ள எந்தக் கோப்பையும் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம்.

ஹடூப்பை நிறுவி, காவல் எதுவும் அமைக்காமல் விட்டால், அது நாம் சொல்லும் பெயரை அப்படியே நம்பிவிடும். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டதும் எவன் 'உள்ளேன் ஐயா' என்றாலும் குறித்துக்கொள்ளும் ஆசிரியரைப் போன்றது அது. 2017 ஜனவரியில், இணையத்தில் காப்பின்றித் திறந்து கிடந்த பல ஹடூப் திரள்களில் தரவுகள் அழிக்கப்பட்டன. பூட்டை உடைக்க வேண்டிய தேவையே அங்கு இருக்கவில்லை.

காவலுக்கு வந்தது கெர்பரோஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களில் உருவான முறை இது; கிரேக்கக் கதையில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். 2011 இறுதியில் வெளிவந்த ஹடூப் 1.0இல் இது இடம்பெற்றது. கடவுச்சொல்லை ஊர் முழுவதும் சொல்லித் திரியாமல், ஒரு மைய அதிகாரியிடம் தன்னை நிரூபித்து, குறித்த நேரத்துக்கு மட்டும் செல்லும் ஒரு சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் ஒரு நாளைக்குச் செல்லும். கணினிகளின் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் அனுமதி கிடைக்காது என்பது பொதுவான அமைப்பு.

நிரலால் சொல்லை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்ய முடியாதல்லவா? ஆகவே அதன் சாவி ஒரு கோப்பில் எழுதி வைக்கப்படுகிறது. அதைக் கீடேப் என்பர். சிக்கல் இங்கேதான். இந்தக் கோப்பின் நகல் யாரிடம் இருக்கிறதோ அவரே அந்தச் சேவை. திரளுக்கு வேறுபாடு தெரியாது. 50 கணினிகள், ஒவ்வொன்றிலும் 3 சேவைகள் என்றால் 150 தனிச் சாவிகள் வேண்டும். சிரமம் என்று எண்ணி எல்லாவற்றுக்கும் ஒரே சாவியைப் போடுகிறவர்கள் உண்டு. ஒரு கணினி பறிபோனால் அன்றே திரள் முழுவதும் பறிபோகும். ஒரு கணினிக்கு ஒரு சாவி, உரிய கணக்கு தவிர வேறெவரும் படிக்க முடியாத அனுமதி என்பதே சரியான முறை.

சாவியை மாற்றுவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 'இன்னொரு நகல் எடுப்போம்' என்று நிர்வாகி வழக்கமான கட்டளையைக் கொடுத்தால், கெர்பரோஸ் நகல் எடுக்காது. புதிய சாவியையே உண்டாக்கிப் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டிவிடும். முன்பு கொடுத்த கோப்புகள் அந்த நொடியே செல்லாமல் போகும். இரவில் ஓட வேண்டிய வேலை நின்றுவிடும். காலையில் காரணம் புரியாமல் விழிப்பார்கள். ஆகவே பழைய சாவியையும் புதியதையும் ஒரே கோப்பில் சில நாள் சேர்த்து வைத்து, எல்லாக் கணினிகளுக்கும் கொண்டுசேர்த்து, பழைய சீட்டுகள் காலாவதியான பின்னரே பழையதை நீக்க வேண்டும்.

தரவுத்தளக் கடவுச்சொற்களை அமைப்புக் கோப்பில் வெறும் எழுத்தாக எழுதி வைப்பதும் இன்னும் நடக்கிறது. அவற்றை மறைத்து வைக்க ஹடூப்பிலேயே ஒரு பெட்டகம் உண்டு. அந்தப் பெட்டகத்துக்குத் தனிச் சொல் வைக்காவிட்டால், எல்லோரும் அறிந்த ஒரு சொல்லாலேயே அது திறக்கும்!

2018இல் சிங்கப்பூரில் சிங்ஹெல்த் நிறுவனத்தின் சுமார் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது ஹடூப் திரள் அன்று. ஆயினும் தாக்கியோர் கைப்பற்றிய கணக்குகளுள் ஒரு சேவைக் கணக்கும் இருந்தது. நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல், 'பாஸ்வேர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்துக்குப் பதில் ஒரு குறியும் இன்னொன்றுக்குப் பதில் பூஜ்யமும் இட்டதே என்று விசாரணைக் குழு கண்டது. 2019 ஜனவரியில் இரு நிறுவனங்களுக்கும் மொத்தம் 10 லட்சம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

சேவைக் கணக்கு சம்பளம் வாங்காது, விடுப்பு எடுக்காது, ஓய்வும் பெறாது. அதை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போன பிறகும் அது உயிரோடு இருக்கும். என் கருத்தில், நுட்பத்தைவிட முதலில் வேண்டியது ஒரு பதிவேடு: கணக்கின் பெயர், அது செய்யும் வேலை, சாவி இருக்கும் கணினி, கடைசியாக மாற்றிய நாள், பொறுப்பாளர். 'தொழில்நுட்பப் பிரிவு' என்று பொறுப்பாளர் கட்டத்தில் எழுதினால் போதாது. ஒரு மனிதரின் பெயர் வேண்டும். அவர் விலகும் நாளிலேயே அவர் கைபட்ட சாவிகள் மாற வேண்டும். பிரிவு உபசார விருந்துக்கு நாள் குறிக்கும்போது இதற்கும் குறித்துக்கொள்வதில் என்ன தடை?

சொந்தத் திரள் இல்லாத சிறு அமைப்புகளும் நன்கொடையாளர் பட்டியலை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கின்றன. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அப்படி ஒப்படைத்த பின்னும் பொறுப்பு அமைப்பையே சாரும். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அந்தப் பதிவேடு அவர்களிடம் உண்டா, கடைசியாகச் சாவி மாற்றியது எப்போது என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.