காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிள் பொறியின் வெப்பநிலைக் கண்காணிப்பு

காற்றால் குளிரும் பொறியின் வெப்பநிலைக் கண்காணிப்பு என்பது, நீரோ வேறு குளிர்விப்பு நீர்மமோ இன்றி, வெளிக்காற்றின் ஓட்டத்தால் மட்டும் குளிர்விக்கப்படும் மோட்டார் சைக்கிள் பொறி எந்த அளவிற்குச் சூடாகியுள்ளது என்பதை அளந்து அறிவதாகும். மகிழுந்துகளில் நீரின் வெப்பநிலையைக் காட்டும் முள்ளோ எச்சரிக்கை விளக்கோ இருக்கும். காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் அத்தகைய முள் இருப்பதில்லை. எனவே எங்கு அளப்பது, எதனால் அளப்பது, கிடைக்கும் எண்ணை எவ்வாறு பொருள்கொள்வது ஆகிய மூன்றையும் ஓட்டுநரே அறிந்திருக்க வேண்டியுள்ளது.

குளிர்விப்பு நடைபெறும் முறை

எரிபொருள் எரியும்போது பொறியினுள் உள்ள வளிமத்தின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசுக்கும் மேல் உயர்கிறது. அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். இருந்தும் அலுமினியத்தால் ஆன பிஸ்டனும் உருளைத் தலையும் உருகாமல் இருப்பதற்குக் காரணம், வெப்பம் தொடர்ந்து வெளியேற்றப்படுவதே ஆகும். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைப்போக்கி வழியாகவும் பொறியின் உலோகச் சுவர் வழியாகவும் வெளியேறுகிறது.

உருளையின் வெளிப்புறத்திலும் அதன் தலையிலும் காணப்படும் மெல்லிய தகடு போன்ற அமைப்புகள் குளிர்விப்புச் செதில்கள் எனப்படும். இவை காற்றுடன் தொடும் பரப்பைப் பல மடங்கு பெருக்குகின்றன. வண்டி ஓடும்போது எதிர்வரும் காற்று செதில்களின் இடையே புகுந்து வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. ஸ்கூட்டர்களில் பொறி மூடிய உறைக்குள் இருப்பதால், பொறியுடன் சேர்ந்து சுழலும் விசிறி ஒன்று காற்றைச் செலுத்துகிறது. வண்டி நின்றாலும் அந்த விசிறி சுழலும். மோட்டார் சைக்கிளில் அவ்வாறு இல்லை. வண்டி நின்றால் காற்றோட்டமும் ஏறத்தாழ நின்றுவிடும்.

பொறியெண்ணெயும் குளிர்விப்பில் பங்கு கொள்கிறது. பிஸ்டனின் அடிப்பகுதி, தாங்கிகள், அடைப்பிதழ்கள் ஆகியவற்றிலிருந்து வெப்பத்தைக் கவர்ந்து பொறியின் கூட்டிற்குக் கொண்டு சேர்ப்பது எண்ணெயே ஆகும்.

கண்காணிப்பின் தேவை

அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையக்கூடியது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் கலவைப் பிஸ்டன் ஒன்று, வார்ப்பிரும்பு உருளையினுள் இயங்குவதாகக் கொள்வோம். வெப்பநிலை 100 பாகை உயரும்போது பிஸ்டனின் விட்டம் ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டரும், உருளையின் உள்விட்டம் ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டரும் கூடும். அதாவது இரண்டும் ஒரே அளவு சூடானாலும் இடைவெளி 0.06 மில்லிமீட்டர் குறைந்துவிடும். குளிர்ந்த நிலையில் இருக்கும் இடைவெளியே மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகள் முதல் பத்தில் ஒரு பங்கு வரைதான். உண்மையில் பிஸ்டன் உருளையைவிடக் கூடுதலாகச் சூடாவதால், நிலைமை இதனினும் நெருக்கடியானது.

இடைவெளி முற்றிலும் மறைந்து, எண்ணெய்ப் படலமும் அறுந்துபோனால் பிஸ்டன் உருளைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். பட்டறைப் பேச்சில் இதனை எஞ்சின் 'சீஸ்' ஆகிவிட்டது என்பர். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இவ்வாறு நேர்ந்தால் பின்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். ஓட்டுநர் சாலையில் வீழ்வார். ஆகவே வெப்பநிலைக் கண்காணிப்பு பொறியின் ஆயுளைப் பற்றியது மட்டுமன்று, உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியதும் ஆகும்.

தமிழ்நாட்டுப் பின்னணி

இந்தியாவில் இப்பொருள் பற்றிய பேச்சு பெரும்பாலும் சென்னையில் உருவான புல்லட் வண்டியைச் சுற்றியே அமைந்தது. 1955-ஆம் ஆண்டு, மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை உருவாக்கின. சென்னை திருவொற்றியூர் ஆலையில் செய்யப்பட்ட 350 புல்லட்டின் உருளை வார்ப்பிரும்பால் ஆனது. அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் நகர்வு 90 மில்லிமீட்டர். மேலே கண்ட கணக்கு இவ்வகை உருளைக்கு அப்படியே பொருந்தும்.

பிற்காலத்தில் குளிர்விப்பு முறைகள் மாறின. 2016-இல் வெளிவந்த 411 கன செ.மீ. ஹிமாலயன் வண்டியில் எண்ணெயைக் குளிர்விக்கும் தனிக் கதிர்வீசி அமைக்கப்பட்டது. 2023-இல் வெளிவந்த 452 கன செ.மீ. ஹிமாலயன், நீர்மத்தால் குளிரும் பொறியைக் கொண்டது. எனினும் இந்தியச் சாலைகளில் ஓடும் எளிய மோட்டார் சைக்கிள்களில் மிகப் பல இன்றும் காற்றால் குளிர்பவையே.

வெயிலும் காற்றோட்டமும்

கோடை வெயிலே பொறியைச் சூடாக்கும் முதன்மைக் காரணம் என்பது பரவலான எண்ணம். எளிய கணக்கு ஒன்று இதனைச் சரிபார்க்க உதவும். செதில்கள் வெளியேற்றும் வெப்பம், செதிலுக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. செதிலின் சராசரி வெப்பநிலை 150 பாகை எனக் கொண்டால், 30 பாகைக் காற்றில் வேறுபாடு 120 பாகை. 40 பாகைக் காற்றில் 110 பாகை. குளிர்விப்பில் ஏற்படும் குறைவு ஏறத்தாழ 8 விழுக்காடு மட்டுமே.

மாறாக, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 15 கிலோமீட்டர் வேகத்திற்குக் குறைந்தால், செதில்களின் வெப்பம் கடத்தும் திறன் பாதிக்கும் கீழே சென்றுவிடும். மெதுவாகச் செல்லும்போது பொறி உண்டாக்கும் வெப்பமும் குறையும் என்பது உண்மையே. ஆயினும் தாழ்ந்த கியரில் பொறி கூடுதல் சுழற்சியில் இயங்குவதால், குளிர்விப்பு குறையும் அளவிற்கு வெப்ப உற்பத்தி குறைவதில்லை.

அரியலூர் மாவட்டத்தின் கல்லங்குறிச்சிச் சாலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த இப்பகுதியில் பாரம் ஏற்றிய லாரிகள் மெதுவாகச் செல்லும். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலின் இராமநவமித் திருவிழாக் காலத்தில் மக்கள் நெரிசலும் சேரும். நண்பகல் வெயிலில் தடையின்றி ஓடும் வண்டியைவிட, மாலையில் லாரியின் பின்னாலோ திருவிழாக் கூட்டத்திலோ ஊர்ந்து செல்லும் வண்டியே கூடுதலாகச் சூடாகும். சுண்ணாம்புத் தூசியும் கசிந்த எண்ணெயும் கலந்து செதில்களின் இடையே படிந்து இறுகினால், அது வெப்பத்தைக் கடத்தாத போர்வையாகி நிலைமையை மேலும் மோசமாக்கும்.

அளக்கும் இடங்கள்

பொறியின் எல்லாப் பகுதிகளும் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை. எனவே "பொறியின் வெப்பநிலை" என ஒரே எண்ணைக் கூற இயலாது. பொதுவாக இரு இடங்களில் அளக்கப்படுகிறது.

உருளைத் தலை: ஸ்பார்க் பிளக் எனப்படும் தீப்பொறிச் செருகியின் அடியில் உள்ள வளையத்தின் இடத்தில் அளப்பது வழக்கம். எரிதல் நடக்கும் இடத்திற்கு மிக அருகில் இருப்பதால் ஏற்ற இறக்கம் உடனுக்குடன் தெரியும்.

பொறியெண்ணெய்: எண்ணெய் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிரும். எனவே இது நெடுநேர ஓட்டத்தின் சுமையைக் காட்டும். திடீர் மாற்றத்தைக் காட்டாது. 20டபிள்யூ-50 போன்ற எண்ணெய்க் குறியீட்டில் இரண்டாவது எண், 100 பாகை வெப்பநிலையில் எண்ணெயின் பாகுநிலையைக் குறிப்பதாகும். பொதுவாக 90 முதல் 120 பாகை வரை எண்ணெய்க்கு ஏற்ற நிலை. அதற்கு மேல் செல்லச் செல்ல எண்ணெய் நீர்த்துப்போவதுடன் விரைவில் கெட்டும்போகும்.

கருவிகள்

வெப்பமின் இரட்டை: இரு வேறு உலோகக் கம்பிகளின் சந்திப்புகள் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தால் மின்னழுத்தம் தோன்றும். இவ்விளைவை 1821-இல் தாமஸ் சீபெக் கண்டறிந்தார். 'கே' வகை இரட்டை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் அழுத்தம் தரும். தீப்பொறிச் செருகியின் அடியில் பொருத்தும் வளைய வடிவிலும் இது கிடைக்கிறது. கருவி உண்மையில் அளப்பது இரு முனைகளின் வேறுபாட்டையே. ஆகவே குளிர்முனையின் வெப்பநிலையைக் கணக்கில் சேர்க்கும் வசதி இல்லாத கருவிகளில், வெளிக்காற்று மாறும்போது அளவும் பிழைபடும்.

எண்ணெய் வெப்பமானி: எண்ணெய் ஊற்றும் துளையின் மூடிக்குப் பதிலாகப் பொருத்தப்படும் முள் கருவி. மின்சாரம் தேவையில்லை. இதன் தண்டு எண்ணெயைத் தொட்டுக்கொண்டிருத்தல் வேண்டும்.

அகச்சிவப்பு வெப்பமானி: தொடாமலேயே தொலைவிலிருந்து அளக்கும் இக்கருவி விலை மலிவானது, ஆனால் எளிதில் ஏமாற்றக்கூடியது. பளபளப்பான அலுமினியம் அகச்சிவப்புக் கதிர்களை மிகக் குறைவாகவே வெளியிடும். எனவே 150 பாகையில் உள்ள செதிலும் மிகக் குறைந்த சூட்டில் இருப்பதுபோல் தோன்றும். அளக்கும் இடத்தில் வெப்பம் தாங்கும் கறுப்பு வண்ணத்தைச் சிறு புள்ளியாகப் பூசி, எப்போதும் அதே புள்ளியை அளந்தால் இப்பிழை பெருமளவு நீங்கும்.

வெப்பத்தடை உணரி: வெப்பம் கூடும்போது மின்தடை குறையும் பொருளால் ஆனது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், எரிபொருளை மின்னணு முறையில் செலுத்தும் வண்டிகள் பெருகின. அவற்றில் கட்டுப்பாட்டுக் கணினிக்காகப் பெரும்பாலும் இவ்வுணரி ஒன்று பொறியில் உள்ளது. இதன் அளவைப் பழுதறியும் கருவியை இணைத்துப் படிக்கலாம்.

அளவைப் பொருள்கொள்ளல்

காற்றால் குளிரும் வானூர்திப் பொறிகளில் உருளைத் தலையின் வெப்பநிலை நெடுங்காலமாகக் கண்காணிக்கப்படுகிறது. லைக்கோமிங் நிறுவனத்தின் பொறிகள் பலவற்றுக்கு 260 பாகை மேல் எல்லையாகும். ஆனால் இவ்வெண்ணை அப்படியே மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்துதல் தவறு. உணரியின் வகை, அது பொருந்தியுள்ள இடம், அதன்மேல் படும் காற்று ஆகியவற்றைப் பொறுத்து ஒரே பொறியிலும் அளவு மாறும்.

எனவே ஒருவர் தம் வண்டியின் இயல்பு நிலையை முதலில் அறிந்துகொள்ளுதலே சிறந்த முறை. பொறி நல்ல நிலையில் இருக்கும்போது, பழகிய சாலையில், ஒரே வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டி அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வெப்பநிலையையும் உடன் குறிக்க வேண்டும். காற்று 10 பாகை சூடாக இருந்தால் பொறியும் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாகக் காட்டுவது இயல்பே. அதனினும் மிகுதியாக உயர்ந்தால் காரணத்தைத் தேட வேண்டும். எரிபொருள் குறைந்த கலவை, தவறான தீமூட்டு நேரம், எண்ணெய்க் குறைவு, உரசிக்கொண்டிருக்கும் பிரேக், அடைபட்ட செதில்கள் ஆகியன பொதுவான காரணங்கள்.

கருவி இல்லாதபோது

இழுவை குறைதல், வேகம் கூட்டும்போது உலோகத்தைத் தட்டுவது போன்ற ஒலி, கருகிய எண்ணெய் வாடை, சாவியை அணைத்த பின்னும் பொறி சில நொடி இயங்குதல் ஆகியவை மிகை வெப்பத்தின் அறிகுறிகள். தீப்பொறிச் செருகியின் பீங்கான் முனை வழக்கமான பழுப்பு நிறமின்றி வெளுத்திருந்தால், கலவையில் எரிபொருள் குறைவாக இருக்கக்கூடும்.

மிகை வெப்பத்தின்போது செய்யத்தக்கவை

காற்றோட்டம் கிடைக்கும் சாலையாயின், முறுக்குப்பிடியைத் தளர்த்தி மிதமான வேகத்தில் சிறிது தூரம் செல்வது பொறியைக் குளிர்விக்கும். நெரிசலில் சிக்கியிருந்தால் ஓரமாக நிறுத்திப் பொறியை அணைத்துவிட வேண்டும். நின்ற நிலையில் இயக்கத்தில் விடுவது குளிர்விக்காது. அணைத்த சில நிமிடங்களுக்கு வெப்பநிலை சற்று உயர்ந்து, பின்னரே இறங்கும். சூடான செதில்கள்மேல் நீர் ஊற்றுதல் கூடாது. திடீர்ச் சுருக்கத்தால் வார்ப்பு விரிசல் விடலாம், உருளைத் தலை வளையலாம். பொறி ஆறிய பின் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும்.

ஓட்டத்தின்போது பொறி திடீரென இறுகுவதுபோல் உணர்ந்தால் உடனே கிளட்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது பொறிக்கும் பின்சக்கரத்திற்கும் உள்ள தொடர்பு அறுபட்டு, வண்டி உருண்டு நிற்கும். பொறி முழுவதும் குளிர்ந்த பின் மீண்டும் இயங்கினாலும், பிஸ்டனையும் உருளைச் சுவரையும் ஆய்வு செய்யாமல் நெடுந்தூரம் ஓட்டுதல் பாதுகாப்பானதன்று.