சுவரில் விழும் சதுரம்

பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் விற்கிற ஜூம் டார்ச்சை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். முன்பக்க வளையத்தை இழுக்க இழுக்க, வட்டமாக விழுந்த வெளிச்சம் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் எதிர்ச் சுவரில் ஒரு சதுரமாக நிற்கும். வட்டமான லென்ஸ் வழியே வருகிற ஒளி ஏன் சதுரமாக விழவேண்டும்? ஏனென்றால் அது ஒரு படம். உள்ளே இருக்கிற எல்.இ.டி. சில்லின் உருவத்தை லென்ஸ் பெரிதாக்கிச் சுவரில் காட்டுகிறது. நிஜத்தில் அந்தச் சதுரம் பக்கத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர், கடுகளவுதான். டார்ச்சின் மொத்த வெளிச்சமும் அதிலிருந்துதான் புறப்படுகிறது.

டார்ச்சின் மேல் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும், அந்தச் சதுரத்தைச் செய்தவர்கள் பெரும்பாலும் வேறு யாரோ. உயர்திறன் எல்.இ.டி. சில்லுகளைத் தரமாகச் செய்யும் நிறுவனங்கள் உலகில் மிகச் சிலவே. ஜப்பானின் நிச்சியா, அமெரிக்காவில் தொடங்கிய க்ரீ, லூமினஸ், ஜெர்மனியில் பிறந்த ஆஸ்ரம் ஆகியவை அவற்றில் சில. ஆயிரம் ரூபாய் டார்ச்சிலும் பத்தாயிரம் ரூபாய் டார்ச்சிலும் ஒரே தொழிற்சாலையின் சில்லு இருக்கலாம். எனவே, கேள்விப்படாத பெயராக இருக்கிறதே என்று தயங்குபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பெயரை விடுங்கள், சில்லைச் சுற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பெயர் தெரியாத நிறுவனம் என்பதற்கு நிச்சியாவே நல்ல உதாரணம். ஜப்பானின் ஷிகோகு தீவில், அனான் என்ற சிறு நகரத்தில், டியூப்லைட்டுக்கும் பழைய டி.வி. குழாய்க்கும் ஒளிரும் பாஸ்பர் பொடி தயாரித்துக்கொண்டிருந்த கம்பெனி அது. சிவப்பு எல்.இ.டி. 1960களிலேயே வந்துவிட்டது. நீலம் மட்டும் பல பெரிய ஆய்வகங்களுக்குக் கைகூடவில்லை. எலெக்ட்ரான் ஒரு படியிலிருந்து கீழ்ப்படிக்கு விழும்போது வெளிவரும் ஆற்றல்தான் எல்.இ.டி.யின் ஒளி; நீல ஒளிக்கு அந்தப் படி உயரமாக இருக்கவேண்டும். அதற்கு ஏற்ற பொருளான காலியம் நைட்ரைடைக் குறையில்லாத படிகமாக வளர்ப்பது பெரும்பாடு. நகோயாவில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும் 1980களின் பிற்பாதியில் அதற்கு வழி கண்டார்கள். நிச்சியாவில் வேலைபார்த்த ஷுஜி நகமுரா 1993இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீலச் சில்லு கிடைத்த பிறகு வெள்ளைக்குத் தேவைப்பட்டது ஒரு பாஸ்பர் பூச்சு. அது நிச்சியாவின் பரம்பரைத் தொழில். 1996இல் அவர்கள் வெள்ளை எல்.இ.டி.யை விற்கத் தொடங்கினார்கள். இன்று உங்கள் டார்ச்சில் இருப்பதும் அந்த ஏற்பாடுதான். அணைத்துவிட்டு உள்ளே பாருங்கள், மஞ்சளாக ஒரு புள்ளி தெரியும். அதன் அடியில் இருக்கிற சில்லு நீல ஒளியைத் தருகிறது. மஞ்சள் பூச்சு அதில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது. இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளை.

இனி விளம்பரத்துக்கு வருவோம். "1,00,000 லுமென், 9900 எம்.ஏ.எச். பேட்டரி" என்று அட்டையில் போட்டிருக்கிறது, விலை ஐந்நூறு ரூபாய். லுமென் என்பது டார்ச் வீசும் மொத்த ஒளியின் அளவு. பள்ளிக்கூடக் கணக்கே இதற்குப் போதும். இந்த டார்ச்சுகளில் போடுகிற 18650 என்ற லித்தியம் செல்லின் பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவுக்குள் பெயர்பெற்ற தயாரிப்பாளர்களின் நல்ல செல்கள் தருவது சுமார் 3500 எம்.ஏ.எச். 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 150 லுமென் தருவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1,00,000 லுமெனுக்கு 667 வாட் வேண்டும். அப்படி எரிந்தால் முழு சார்ஜும் 68 நொடியில் தீரும். செல்லிலிருந்து பாயவேண்டிய மின்னோட்டம் 185 ஆம்பியர்; இந்த வகைச் செல்லில் வலுவானவையே 30 ஆம்பியரைத் தாண்டினால் திணறும். ஆக, அட்டையில் இருப்பது மிகைப்படுத்தல்கூட இல்லை, நடக்கவே முடியாத எண். இப்படி எழுதத் துணிந்தவர்கள் செல்லின் பாதுகாப்பில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருப்பார்கள் என்று நான் நம்பமாட்டேன்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பயனுள்ள ஒன்று கிடைக்கிறது. ஒரு நல்ல செல்லுக்குள் இருப்பது ஏறத்தாழ 1,900 லுமென்-மணி. 100 லுமெனில் எரித்தால் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் வரும். 1,000 லுமெனில் எரித்தால் இரண்டு மணி நேரம்கூட வராது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த 1,000 லுமென் பத்து மடங்காகவும் தெரியாது. ஒளி இரண்டு மடங்காகத் தோன்றவேண்டுமானால் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளி வேண்டும். நம் கண் அப்படி. 800 லுமென் டார்ச்சையும் 1,000 லுமென் டார்ச்சையும் மாற்றி மாற்றி அடித்துக் காட்டினால் எது எது என்று சொல்வது கடினம்.

செல் தாங்கினாலும் சூடு விடாது. குண்டு பல்ப் தன் சூட்டை ஒளியோடு சேர்த்து அகச்சிவப்புக் கதிராக முன்னால் வீசிவிடும். எல்.இ.டி.யால் அது முடியாது. அதன் சூடு சில்லின் அடிவழியாக உலோகத்துக்குள் இறங்கியே ஆகவேண்டும். இறங்க வழியில்லாவிட்டால் வெளிச்சம் குறையும், நிறம் மாறும், ஆயுளும் தேயும். உள்ளங்கைக்குள் அடங்குகிற டார்ச்சின் உடம்பு தொடர்ந்து வெளியேற்றக்கூடிய சூடு சில வாட்டுகள்தான். அதனால் இந்த அளவில் எவ்வளவு உயர்ந்த டார்ச்சானாலும் 2,000, 3,000 லுமென் என்பது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மட்டுமே. பிறகு சில நூறு லுமெனுக்கு இறங்கும். நல்ல டார்ச்சில் சில்லை ஒரு செப்புத் தகட்டின் மேல் நேரடியாகப் பற்றவைத்து, தகட்டை உடம்போடு இறுக்கியிருப்பார்கள். வெப்பத்தை அளந்து ஒளியைப் படிப்படியாகக் குறைக்கும் சர்க்யூட்டும் இருக்கும். மலிவானதில் அந்தத் தகடு ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். வெளியே இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு அலுமினியம்.

அமெரிக்காவில் 2009இல் வந்த எஃப்.எல்.1 என்ற தரநிலை இந்த லுமென் எண் குழப்பத்துக்கு ஓரளவு முடிவு கட்டியது. போட்டவுடன் பாயும் வெளிச்சத்தை அது ஏற்பதில்லை. 30 நொடிக்கும் 120 நொடிக்கும் இடையில் அளக்கச் சொல்கிறது. எரியும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை. ஒளி எட்டும் தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம், அதாவது ஏறக்குறைய முழுநிலவு அளவு. இதில் ஒரு எளிய சூத்திரம் ஒளிந்திருக்கிறது: ஒளிக்கற்றையின் செறிவைக் குறிக்கும் கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். அதை 400 மீட்டராக்க 40,000 கேண்டெலா வேண்டும். அட்டையில் இரண்டு எண்ணும் இருந்தால் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் யாரோ உண்மையிலேயே அளந்திருக்கிறார்கள் என்று நம்ப இடமுண்டு. 200 மீட்டரில் விழுவது நிலவொளிதான் என்பதால், அங்கே நிற்பது நாயா நரியா என்று தெரியவேண்டுமானால் பாதித் தூரத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.

பெயர் தெரியாத பிராண்டுகளில் என்னைக் கவர்ந்த ஒரு வகை உண்டு. கான்வாய், சோஃபிர்ன், வர்க்கோஸ், எமிசார் போன்ற சீனத் தயாரிப்புகள். நம்மூர்க் கடைக்காரர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். டார்ச் ஆர்வலர்களுக்கு இவை அத்துப்படி. இவர்கள் எந்த நிறுவனத்தின் எந்தச் சில்லு என்று மாடல் எண்ணோடு சொல்கிறார்கள். ஒரே டார்ச்சில் வெவ்வேறு சில்லையும் வெவ்வேறு நிறத்தையும் நாமே தேர்ந்தெடுக்கவும் விடுகிறார்கள். சிலவற்றில் ஆண்டுரில் என்ற மென்பொருள் ஓடுகிறது. ஓர் ஆர்வலர் எழுதி, யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்துவைத்த நிரல் அது. பெரும்பாலும் கடையில் கிடைக்கும் பொதுவான செல்லையே போடலாம். சில பெரிய பிராண்டுகள் தங்கள் செல், தங்கள் சார்ஜர் மட்டுமே சேரும்படி செய்வதோடு இதை ஒப்பிட்டால் அருமை புரியும்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது நிறம். நீலச் சில்லும் மஞ்சள் பூச்சும் கலந்த வெள்ளையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. சிவப்பைச் சேர்க்க வேறு பாஸ்பர் கலக்கலாம். ஆனால் லுமென் என்ற அலகே நம் கண்ணின் உணர்திறனை வைத்து வகுத்தது. கண் பச்சைக்குக் கூர்மை, ஆழ்ந்த சிவப்புக்கு மந்தம். எனவே சிவப்பைக் கூட்டினால் லுமென் எண் குறையும். எண்ணை வைத்தே விற்கிற சந்தையில் யார் சிவப்பைச் சேர்ப்பார்கள்? பெரும்பாலும் இந்தச் சிறு பிராண்டுகள்தான் முன்வந்தன. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு. குண்டு பல்புக்கு 100. சாதாரண நீலவெள்ளை டார்ச்சுக்கு 70 அளவில். நிச்சியாவின் 519ஏ போன்ற சில்லுகளுக்கு 90க்கு மேல். கடையிலேயே சோதிக்கலாம்: உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். ஒன்றில் ரத்த ஓட்டமுள்ள சதையாகத் தெரியும், இன்னொன்றில் சாம்பல் பூத்துத் தெரியும்.

இது அழகு பார்க்கிற விஷயமில்லை. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் விவசாயி அந்நேரத்தில்தான் வரப்பில் நடந்து மோட்டார் போடப் போகவேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. காய்ந்த சருகின் மேல் கிடக்கும் கண்ணாடி விரியனைப் பிரித்துக் காட்டுவது பழுப்புக்கும் பழுப்புக்கும் உள்ள சிறு வேறுபாடு. நீலவெள்ளை ஒளி அதைத்தான் அழிக்கிறது. வரப்பில் நடப்பவருக்கு 400 மீட்டர் பாயும் ஒளி எதற்கு? காலடியிலிருந்து பத்தடிக்குப் பரவலாக விழுகிற, நிறம் காட்டுகிற 100 லுமெனே போதும். ஜூம் டார்ச் இதற்கு ஆகாது. சுருக்கினால் பெரும்பகுதி ஒளி குழாயின் உட்சுவரிலேயே வீணாகிறது. முன்னும் பின்னும் நகரும் தலை வழியே மழைநீரும் புகும்.

குறைகளையும் சொல்லவேண்டும். இந்தச் சிறு பிராண்டுகளுக்கு நம் ஊரில் சர்வீஸ் சென்டர் கிடையாது; கெட்டால் சீனாவுக்கு அனுப்புவது நடைமுறையில் நடக்காது. லித்தியம் செல்லை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால் பல சமயம் டார்ச் மட்டும் வரும், செல்லை நாமே தேடவேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்தான், ஆனால் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிப் புது உறை சுற்றிய செல்களும் சந்தையில் உலவுகின்றன. நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். 30 கிராம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆண்டுரில் ஓடும் டார்ச்சை வயதானவர்கள் கையில் கொடுக்க நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரே பொத்தானை எத்தனை முறை அழுத்துகிறோம் என்பதை வைத்து எத்தனையோ வேலை செய்யும். இருட்டில் பதற்றத்தோடு நிற்பவருக்கு வேண்டியது, அழுத்தினால் எரிவதும் அழுத்தினால் அணைவதும் மட்டும். அப்பா அம்மாவுக்கு வாங்குவதானால் பின்பக்கத்தில் டக்கென்று அழுந்தும் பொத்தானுள்ள எளிய மாடல்தான் சரி.

சார்ஜ் ஏறுகிற துளையையும் கவனியுங்கள். டைப்-சி துளை வைத்த சில மலிவு டார்ச்சுகளுக்கு, இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறவே ஏறாது. காரணம், துளைக்குப் பின்னால் இருக்கவேண்டிய 5.1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் இரண்டை விட்டுவிட்டார்கள். அவை இல்லாமல் சார்ஜர் மின்சாரத்தைத் திறக்காது. பழைய மாதிரி அகலமான யு.எஸ்.பி. முனை கொண்ட கேபிளில் போட்டால் ஏறும். டார்ச் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். சுவர் பிளக்கில் நேராகச் செருகும் இரண்டு கம்பி மடித்துவைத்த பழைய வகையைப் பற்றித்தான் எனக்குப் பயம். அவற்றில் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெபாசிட்டர் வழியே 230 வோல்ட் மின்சாரம் நேரே உள்ளே வருகிறது. சார்ஜில் இருக்கும்போது கழற்றுவதோ, ஈரக்கையால் தொடுவதோ, குழந்தைகள் விளையாடுவதோ கூடவே கூடாது.

நல்ல டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு பயணம் போகும்போது பொத்தான் அழுந்தி உள்ளேயே எரிந்து துணியைப் பொசுக்கிவிடும் அபாயம் உண்டு. அதற்கு வால்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் போதும். அலுமினியத் திருகில் கறுப்பாக ஏற்றியிருக்கும் அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது; மூடியின் விளிம்பு குழாயின் வழித்த விளிம்பை விட்டு விலகியதும் சுற்று அறுந்துவிடும். திருகிலும் பூச்சு இருக்கிறதா என்று வாங்கும்போதே மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையாகப் பளபளத்தால் தளர்த்தினாலும் எரியும், அதற்குச் செல்லையே வெளியே எடுக்கவேண்டியதுதான்.