காபிப் பொடி இல்லேம்மா, முட்டை!

"அம்மா! அது காபிப் பொடி இல்லே!" என்று நான் அலறியபோது டப்பா திறந்தாகிவிட்டது. ஸ்பூன் ஃபில்டருக்கு நேர் மேலே நின்றுகொண்டிருந்தது.

"பின்னே என்னடா?"

"முட்டைம்மா. ஒரு கிராம்ல ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கும்."

சுத்த சைவமான அம்மா, ஸ்பூனை அப்படியே போட்டுவிட்டு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

வம்பு ஆரம்பித்தது கொளத்தூரில். வண்ண மீன் கடைகளுக்குப் பேர்போன அந்த ஏரியாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். வீட்டில் ஒரு வருஷமாகக் கடல்நீர்த் தொட்டி உண்டு. அதில் இரண்டு கோமாளி மீன்கள். எதைப் போட்டாலும் முழுங்கும் சாதுக்கள். கடையில் பார்த்ததோ மாண்டரின். நீல உடம்பில் ஆரஞ்சு நிறத்தில் கோலம் போட்டது மாதிரி ஒரு மீன். சம்பளம் வந்த வாரம் வேறு. விடுவேனா?

"இது என்ன சாப்பிடும்னு தெரியுமா சார்?" என்றார் கடைக்காரர்.

"மீன் சாப்பிடறதைத்தானே சாப்பிடும்?" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாப்பிடவில்லை. குருணைத் தீனி மூக்கின் மேலேயே விழுந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தே நாளில் வயிறு ஒட்டிவிட்டது. அது கடலில் பகல் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும் ஜாதி. கண்ணுக்குத் தெரியாத குட்டி உயிர்கள்தான் ஆகாரம். அசையாதது எதுவும் அதற்குச் சாப்பாடே இல்லை. தொட்டி நிறையத் தீனி இருந்தும், என் கண்ணெதிரே ஒரு ஜீவன் பட்டினி கிடந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஆர்ட்டீமியா பொரிச்சுப் போடுங்க. இன்னொண்ணு சார்... முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் மீன் வாங்கணும்."

ஆர்ட்டீமியா, இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். நம்ம தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. காய்ந்த முட்டை, உலர்வாக வைத்தால் வருஷக்கணக்கில் தூங்கும். 1972-இல் அப்பல்லோ 16 விண்கலத்தில் சந்திரன் வரை போய்விட்டு வந்த முட்டை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

பொரிக்க வைப்பது சுலபம். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா, ஒரு கிராம் முட்டை. காற்றுக் குழாய் அடிமட்டம் வரை போக வேண்டும். பக்கத்தில் ஒரு விளக்கு. 28 டிகிரி சூடு சென்னையில் இலவசம். 24 மணியிலிருந்து 36 மணிக்குள் ஆரஞ்சுப் புழுதி மாதிரி குஞ்சுகள் நீந்தும்.

எனக்குச் சுலபமாக இல்லை. முதல் தடவை ராத்திரி கரண்ட் போய், காற்று மோட்டார் நின்று, விடிந்தபோது அத்தனையும் காலி. இரண்டாம் தடவை அவசரத்தில் ஓடுகளோடு கொட்டிவிட்டேன். தொட்டி முழுக்க டிகாஷன் மண்டி! காற்றை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டால் ஓடு மேலே மிதக்கும். அடியில் டார்ச் காட்டினால் வெளிச்சத்தைத் தேடிக் குஞ்சுகள் கூடும் என்று அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். டியூப் வைத்து உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போட வேண்டும்.

மூன்றாம் தடவை தொட்டி மோட்டாரை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் பாறையோரம் மெதுவாக விட்டேன். மாண்டரின் தலையைச் சாய்த்தது. ஒரு கொத்து. நின்றது. இன்னொரு கொத்து. ராத்திரி பதினொரு மணிக்கு நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு லைட் எரிந்தது.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். குஞ்சு பிறக்கும்போது வயிற்றில் கட்டுச்சோறு கொண்டுவருகிறது. மணி ஆக ஆக அது கரைந்துபோகும். அப்புறம் போடுவது வெறும் சக்கை. பொரித்ததும் போட்டுவிட வேண்டும். மீந்ததை வாளியில் வளர்த்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆகும். மீனுக்குப் போடுமுன் அவற்றுக்கு ஸ்பைருலினா பொடி கொடுங்கள். அவை சாப்பிட்டதுதான் மீனின் வயிற்றுக்குப் போகிறது.

அதனால் இப்போதெல்லாம் சாயங்காலம் ஆறு அடித்தால் நான் ஸீட்டில் இல்லை. மேனேஜர் கேட்டார்: "அப்படி என்னய்யா அவசரம்?"

"வீட்ல சின்னக் குழந்தைங்க சார்."

"எத்தனை?"

"எண்ணலை சார். ஒரு லட்சம் இருக்கும்."

மாண்டரினுக்கு வயிறு உருண்டு மூன்று மாசமாகிறது. அம்மா இப்போது தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, "மதியம் சரியா சாப்பிடலைடா அது" என்று ரிப்போர்ட் கொடுக்கிறாள். டப்பாவின் மேல் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'இது மீன் வீட்டுக் காபி. யாரும் தொடக் கூடாது.'